விட்டு வந்தவன் யாருக்குக் கடனாளி?

கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவழியில், தெல்தெனியவைக் கடந்து மலையேறுகிறவர்கள் சிறிது தூரத்தில் மெதமஹநுவர என்னும் ஊரை அடைவார்கள். கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலைநகரம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து நான்கு நாட்கள் கழிந்தபின், 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் தேதி, தன் தேவியருடன் மறைந்திருந்த வீட்டில் பிடிபட்டது இவ்வூர்ப் புறத்திலேதான். நாட்டைக் காக்கக் கடமைப்பட்டவன் குடும்பத்தை அழைத்துக்கொண்டு காட்டில் ஒதுங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு; தோற்றுப்போன அரசன் பெண்டிரையாவது காப்பாற்ற முனைந்தது பிழையா என்று எதிர்க்கேள்வி கேட்பவர்களும் உண்டு. அரசனைப் பற்றி எழுந்த இந்த விவாதம், அவனுக்குப் பின்னர் அதே மலைச்சாரல்களிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிப்போன லட்சக்கணக்கான சாமானிய ஜனங்களின் நெஞ்சிலும், வேறு வேறு உருவங்களில், ஓயாமல் நடந்து வந்திருக்கிறது.

குடும்பத்தின் உயிரைக் காப்பதற்காகப் பிறந்த நாட்டை நீங்கிய ஒருவர், நீங்கியபின் தம் மனத்தில் உணரும் குற்ற உணர்வு நியாயமானதுதானா, நியாயமானதென்றால் அந்த அபராதம் யாருக்கு இழைக்கப்பட்டது, நியாயமற்றதென்றால் அது ஏன் ஒரு தலைமுறையிலும் தணிவதில்லை என்னும் கேள்விகளே இக்கட்டுரையின் விஷயம். இவற்றுக்குத் தத்துவ ஞானிகளும் மதாசாரியர்களும் கவிஞர்களும், அண்மைக் காலத்தில் மனநல வைத்தியர்களும், கூறியுள்ள விடைகள் பல. அவற்றைக் கண்டிச் சீமையின் அனுபவத்தோடு உரைத்துப் பார்ப்பது பயனுடைய முயற்சியாகலாம்.

கண்டி தரும் இரண்டு உதாரணங்கள்

மேற்சொன்ன அரசனின் கதையைத் தனியாகப் படிக்கலாகாது. அவனுடைய மந்திரியின் கதையோடு சேர்த்தே படிக்கவேண்டும். சப்ரகமுவையின் திசாவையாக இருந்த எஹலப்பொல, 1814ஆம் ஆண்டில் அரசனைப் பகைத்து ஆங்கிலேயர் பக்கம் சென்றுவிட்டபோது, அவனுடைய மனைவியும் மக்களும் கண்டியில் அரசனின் பிடியில் இருந்தார்கள். போனவன் மீளவில்லை, இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அச்சமின்றி வாளுக்கு முன் வந்து நின்றதாகச் சொல்லப்படும் இளைய மகன் மத்தும பண்டாரவின் பெயரைச் சிங்களப் பாலர்கள் இன்றும் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். தந்தையின் பெயரைச் சொல்லும்போது குரல்கள் அவ்வளவு தெளிவாக ஒலிப்பதில்லை. எஹலப்பொல எதிர்பார்த்த கிரீடத்தை ஆங்கிலேயர் தரவில்லை. 1818ஆம் வருஷத்துக் கலகத்தின்போது சிறைப்பிடித்து, பிற்பாடு மொரீசியஸ் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே 1829இல் அவன் இறந்தான். அரசனோ வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் கைதியாக இருந்து 1832இல் மாண்டான்.

ஒருவன் இராச்சியத்தைக் கைவிட்டுக் குடும்பத்தோடு நின்றான். மற்றவன் குடும்பத்தைக் கைவிட்டு இராச்சிய காரியத்துக்குப் போனான். இருவரில் எவனையும் ஜனங்களின் நினைவு முழுமையாக மன்னித்துவிடவில்லை. எனினும் எஹலப்பொல செய்ததைச் செய்யும்படி தன் மகனுக்குப் புத்தி சொல்லும் தாய் ஒருத்தியையேனும் நம்மால் கற்பனை செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், குடும்பத்தின் உரிமை எத்துணைப் பாரமானது என்பது விளங்கும்.

இங்கே இன்னுமொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 1815 மார்ச் 2ஆம் தேதி கையெழுத்தான கண்டி உடன்படிக்கையின் ஒரு பிரிவு, அரசனின் ஆண் உறவினரைப் பகைவர்கள் என்று அறிவித்ததோடு, வெளியேற்றப்பட்ட 'மலபார்' இனத்து ஆடவர் எவரும் கண்டி மாகாணங்களுக்குத் திரும்பலாகாது என்றும் தடைவிதித்தது. தமிழ் பேசும் ஒரு கூட்டத்தாரை 'போ' என்றும் 'வராதே' என்றும் சட்டமொழியில் சொல்லும் வழக்கம் கண்டிக்குப் புதிதன்று.

நின்றே தீரவேண்டும் என்னும் பட்சம்

நாட்டை விட்டு நீங்குவது அபராதமே என்று வாதிப்பவர்களுக்கு ஆதி குரு கிரேக்க தேசத்துச் சோக்கிரதர். கி.மு. 399இல் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த அவரை அணுகிய நண்பர் கிரீத்தோ, தப்பிச் செல்வதற்கான ஏற்பாடுகள் ஆயத்தமென்று கூறி, பிள்ளைகளை அநாதைகளாக விடுவது தகுமோ என்றும் கேட்டார். இந்த நகரத்தின் சட்டங்கள் நிழலில் எழுபது வருஷம் வாழ்ந்துவிட்டு, அவை தமக்குப் பாதகமாகத் திரும்பிய அன்று ஓடிப்போவது ஒப்பந்தத்தை முறிப்பதாகும் என்பது சோக்கிரதரின் விடையின் சாரம். பிள்ளைகளைக்கூட நியாயத்துக்கு மேலாக வைக்கலாகாது என்று அவர் முடித்தார்.

இவ்வாதத்தின் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் சோக்கிரதரின் பிள்ளைகளை எவரும் தீயில் எறிய வந்து நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர் இறந்தபின்னும் ஏதென்ஸ் நகரம் அவர்களை வாழவிட்டது. மேலும் ஒப்பந்தம் என்பது இருதரப்பாருக்கும் உரியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 லட்சம் மக்களை நாடற்றவர்களாக்கியபோது, எந்த ஒப்பந்தத்தை அவர்கள் முறிப்பதாகக் குற்றஞ்சாட்ட முடியும்? உன்னை என் பிரஜையாக ஏற்கமாட்டேன் என்று சொன்ன அரசே, நீ ஏன் என்னை விட்டுப் போகிறாய் என்று கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

கிறிஸ்தவ மதத்தின் முற்காலத்தில் தெர்த்துல்லியன் என்னும் ஆசிரியர், துன்புறுத்தல் இறைவன் சித்தத்தால் வருவதாகையால் அதற்கு அஞ்சி ஓடுவது தகாது என்று கண்டிப்பாக எழுதினார். நவீன காலத்தில் அந்த ஸ்தானத்தைத் தேசியவாதம் பிடித்துக்கொண்டது. பெற்ற தாயையும் பிறந்த மண்ணையும் சுவர்க்கத்துக்கு மேலாக வைக்கும் பழைய மரபை அது தன்வயமாக்கி, மண்ணையே தாயாகச் சித்திரித்து, நீங்குபவனைத் தாயைக் கைவிட்ட மகனாகக் காட்டியது. இந்த உருவகத்தின் ஆற்றல் பெரிது; அதன் குறை, உருவகத் தாய்க்காக உண்மைத் தாயை விட்டுக்கொடுக்கச் சொல்லும் இடத்தில் வெளிப்படுகிறது. 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற விரும்பியவர்கள் விடுதலைப் புலிகளிடம் 'பாஸ்' பெறவேண்டியிருந்தது. கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு உள்ளே இருப்பவனின் மண்பற்றைப் புகழ்வது எளிது.

நீங்கலாம், நீங்கவும் வேண்டும் என்னும் பட்சம்

மறுதரப்பார் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது மகாபாரதத்தில் விதுரர் வாயிலாக வரும் நீதியை. குலத்துக்காக ஒருவனையும், கிராமத்துக்காகக் குலத்தையும், நாட்டுக்காகக் கிராமத்தையும், ஆன்மாவுக்காகப் பூமி முழுவதையும் துறக்கலாம் என்பது அதன் கருத்து. ஆன்மாவுக்காகப் பூமியையே துறக்கலாமெனில் குடும்பத்துக்காக நாட்டைத் துறப்பதில் தவறென்ன என்று இவர்கள் கேட்கிறார்கள். நீதி சொல்லப்பட்ட வரிசையை நிதானமாகப் பார்த்தால் குடும்பம் கிராமத்துக்கும் கீழே, நாட்டுக்கு வெகு கீழே வைக்கப்பட்டிருப்பது தெரியும். போதாததற்கு, துரியோதனனைக் கைவிடும்படி திருதராஷ்டிரனுக்குச் சொன்ன உபதேசம் அது; அகதிக்கு ஆறுதலாகச் சொன்னதன்று. அதை அகதியின் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுபவர்கள் சாட்சி முழுவதையும் கேட்டபின் வருந்தக்கூடும்.

வள்ளுவர் இதைவிட உறுதியான பிடிமானம். நாடு என்னும் அதிகாரத்தில் அவர் மண்ணைத் தாயென்று வணங்கவில்லை; நாடு எனப்படுவதற்கு வேண்டிய இலக்கணங்களை வகுக்கிறார். மிகுந்த பசியும் ஓயாத பிணியும் அழிக்கும் பகையும் இல்லாதிருப்பது ஒன்று. பல குழுக்களும், உள்ளிருந்தே பாழாக்கும் பகையும், அரசை அலைக்கும் கொலைத்தொழிற் கூட்டங்களும் இல்லாதிருப்பது மற்றொன்று. இலக்கணம் பொருந்தாதபோது சொல்லும் பொருந்தாது போகும் என்பதே இதன் விளைவு. தோட்டங்களில் பட்டினியால் ஜனங்கள் செத்த 1973-74ஆம் ஆண்டுகளையும், ஆகஸ்ட் 1977, ஜூலை 1983 தமிழர் விரோத வன்செயல்களையும் இந்த அதிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், நீங்கியவர்கள் நாட்டை விட்டார்களா, அல்லது நாடு அதற்கு முன்பே அவர்களை விட்டு நீங்கிவிட்டதா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இஸ்லாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நபிகள் நாயகம் கி.பி. 622இல் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்திலிருந்தே முஸ்லிம்களின் ஆண்டுக்கணக்கு தொடங்குகிறது. கொடுமைக்குட்பட்டும் வலிமையிருந்தும் இடம்பெயராதவர்களை, இறைவனின் பூமி விசாலமானதாக இருக்கவில்லையா என்று வானவர்கள் வினவுவதாகக் குர்ஆன் கூறுகிறது. நீங்கியதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. நீங்காமல் இருந்ததற்கே காரணம் காட்டவேண்டும். ஆயினும் சாஸ்திரம் அளிக்கும் அனுமதி மனத்துக்குள் இறங்குவது வேறு விஷயம். 2018 மார்ச் மாதத்தில் தெல்தெனியவில் தொடங்கித் திகனயிலும் சுற்றுவட்டாரங்களிலும் பரவிய முஸ்லிம் விரோத வன்முறையில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றிலிருந்து ஓர் இளைஞனின் சடலம் எடுக்கப்பட்டது. 6ஆம் தேதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரவோடிரவாக வேறிடம் போன குடும்பங்களுக்கு எந்த மார்க்கமும் தடை சொல்லவில்லை. அண்டை வீட்டுச் சடலத்தின் செய்தியைக் கேட்டபோது அவர்கள் மனம் என்ன சொல்லிற்று என்பதற்கு மார்க்கத் தீர்ப்பில் பதில் தேட முடியாது.

இரு பட்சங்களுக்கும் நடுவே ஒரு வழி கண்டவர் புனித அகஸ்தீனார். வந்தாலர் படை வட ஆபிரிக்காவில் முன்னேறியபோது, ஆயர்கள் ஓடலாமா என்று கேட்ட ஹொனொராத்துஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், பிறர் தம்மை நம்பியிருக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், அந்த ஜனங்கள் அங்கே இருக்கும்வரை நிற்கவேண்டும்; பிறர் போகலாம் என்று பகுத்துரைத்தார். தாம் சொன்னபடியே, முற்றுகையிடப்பட்ட ஹிப்போ நகரில் 430இல் உயிர் விட்டார். இந்தப் பகுப்பு மிகவும் உபயோகமானது. ஆனால் பொறுப்பு என்பது பதவியோடு முடிந்துவிடுகிறதா? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பக்கத்து அறையில் படுத்திருக்கும் கிழவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவளுக்கு எந்தப் பதவியும் இல்லை. அவள் கோச்சி (இரயில் வண்டி) ஏறிப்போன மறுநாள் கிழவிக்குத் தண்ணீர் இல்லை.

கபிலர் போட்ட கணக்கு

இவ்விஷயத்தில் தமிழிலக்கியம் நமக்கு வைத்திருக்கும் மிக ஆழமான சான்று சட்டத்திலும் சாஸ்திரத்திலும் இல்லை, ஒரு புலவரின் வாழ்க்கையில் இருக்கிறது. மூவேந்தரும் முற்றுகையிட்டு, பறம்பு மலைத் தலைவனும் தம் நண்பனுமாகிய பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் பறம்பு மலையை விட்டு இறங்கினார். திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே அவர் விடைபெற்றதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. சிற்றரசர்களான விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார், இருவரும் பெண்களை ஏற்க மறுத்தனர். இறுதியில் அவர்களை அந்தணரிடம் ஒப்புவித்தபின், வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது பழங்குறிப்பு. திருக்கோவலூரில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, அவர் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. முறை எதுவாயினும் முடிவு ஒன்றே.

இதில் சிந்திக்கத்தக்கது யாதெனில், கபிலர் எந்தக் கடமையிலும் தவறவில்லை என்பதுதான். நண்பனின் குடும்பத்தைக் காப்பதற்காகவே அவர் மலையை விட்டார், காத்தும் விட்டார். நின்றே தீரவேண்டும் என்பவர்களும் அவரைக் குறைகூற மாட்டார்கள்; நீங்கலாம் என்பவர்களும் அவரைப் போற்றுவார்கள். இருந்தும் அவர் மனம் ஆறவில்லை. தன்னோடு சேர்ந்து வர விடாமல் 'நீ இரு' என்று பாரி தன்னைத் தடுத்துவிட்டான் என்பதையே அவர் தீராக் குறையாகச் சொல்லிக்கொண்டார். பறம்பு மலைக்கு அவர் கடன்பட்டதாக உணரவில்லை. மலை எப்படியும் வேந்தர் கைக்குப் போய்விடும். அவர் கடன்பட்டது ஒரு மனிதனுக்கு.

குற்ற உணர்வு குற்றத்துக்குச் சான்றாகாது என்பதையும், அதன் முகவரி நாடாக இருக்கவேண்டியதில்லை என்பதையும் கபிலரின் கதை ஒருசேர உணர்த்துகிறது. இந்த இரண்டாவது உண்மையை, பிற்காலத்து விவாதங்கள் பெரும்பாலும் தவறவிட்டன என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

கோச்சி ஏறியவர்களும் ஏறாதவர்களும்

மலையகத் தமிழரின் சரித்திரத்தில் இவ்விஷயம் துலாம்பரமாகத் தெரிகிறது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான ஏறத்தாழ 9,75,000 பேரை முன்வைத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் வகுத்தது. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆட்டு மந்தையைப் பிரிப்பதைப் போன்ற இப்பங்கீட்டில், சம்பந்தப்பட்ட ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. பின்னர் விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தைவிட மிக அதிகமாக இருந்தார்கள்.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களின் காரணங்களைப் பார்ப்போமானால், தேசபக்தி அவற்றில் வெகு அரிதாகவே தென்படும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறின. அதன் பாதிப்பு கண்டிப் பக்கத்து இடைநாட்டுத் தோட்டங்களில் கடுமையாக இருந்தது. வேலையும் லயமும் போய், பிள்ளைகள் பசியால் வாடினார்கள். 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த கலவரம் எப்பொழுது என்பது மட்டுமே தெரியாதிருந்தது. பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்பதே பலர் சொன்ன காரணம்.

அவர்கள் புறப்பட்ட காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களில் வண்டி நிற்கும். ஏறுகிறவர்கள் ஜன்னலுக்குள்ளிருந்தும் நிற்கிறவர்கள் மேடையிலிருந்தும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வார்கள். வண்டி நகரத் தொடங்கியதும் கைகளைப் பிரிக்க முடியாமல் சிலர் கூடவே ஓடுவார்கள். சாவு வீட்டில் பாடும் ஒப்பாரி இருபுறமும் எழும். தலைமன்னார்த் துறையை நோக்கிச் சென்ற அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயரை ஜனங்களே வைத்தார்கள். உயிரோடு போகிறவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் பாடும் ஒப்பாரியைப் போலத் துல்லியமாக இந்தக் குற்ற உணர்வின் இயல்பைத் தத்துவ நூல் எதுவும் சொன்னதில்லை எனலாம்.

ஏனெனில் அங்கே பிளந்தது குடும்பம். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டு வந்தது. தம்பிக்கு இலங்கைப் பதிவு கிடைத்தது. மகளோ கட்டிக்கொடுத்த வீட்டின் தாள் எப்படியோ அப்படி. 'குடும்பத்துக்காக நாட்டை விட்டேன்' என்பது அரைவாசி உண்மையே. மனைவி மக்களாகிய குடும்பத்துக்காக, தாய் தந்தை தங்கையாகிய குடும்பத்தை விட்டதே நடந்தது. நாடு ஒரு பக்கமும் குடும்பம் மறுபக்கமுமாகத் தராசில் வைத்து எடைபோடும் வாதங்கள், இந்த வண்டியின் ஜன்னலருகே வந்ததும் செயலற்றுப் போகின்றன.

'நாடு' என்னும் சொல்லும் இங்கே நிலையாக நிற்பதில்லை. தோட்டத்து ஜனங்கள் புறப்படுவதை 'ஊருக்குப் போறது' என்றார்கள். அந்த ஊரைப் பலர் கண்ணால் கண்டதில்லை. அரசாங்கத் தாள்களில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அயலாருக்குச் 'சிலோன்காரர்கள்'. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய்ச்சோதனை செய்யும் முகாம், தமிழகக் கரையிலுள்ள மண்டபம் என்னும் ஊரில் இருந்தது. பேரப்பிள்ளைகள் அகதிகளாக வந்தபோது தங்க வைக்கப்பட்டதும் மண்டபம் முகாமிலேதான். எது விட்டு வந்த நாடு, எது வந்து சேர்ந்த நாடு என்று இவர்களைக் கேட்பது அநியாயம்.

தெல்தெனியவையே எடுத்துக்கொள்ளலாம். விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கி, மேட்டில் புதிய நகரம் எழுந்தது. நீலகிரியில் இருந்துகொண்டு பழைய சந்தைத் தெருவை நினைத்து ஏங்கியவர், திரும்பி வந்தாலும் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். மக்கள் சென்று பார்த்து வருவார்கள். மூழ்கிய ஊரிலிருந்து மேட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு ஏக்கம் உண்டு, குற்ற உணர்வு இல்லை. அவர்கள் யாரையும் விட்டு வரவில்லை, எல்லாரும் சேர்ந்தே பெயர்ந்தார்கள். மண்ணை இழப்பது வேறு, மனிதரை விட்டு வருவது வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

விளைவின் விசித்திரம்

1970களில் கண்டிச் சீமையின் தோட்டக் குடும்பங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. இருந்த இடத்திலேயே இருப்பது ஒன்று. கடல் கடப்பது மற்றொன்று. வவுனியா, கிளிநொச்சி முதலிய வன்னிப் பக்கம் தமிழர் நடுவே போய்க் குடியேறுவது மூன்றாவது. 1977 வன்செயலுக்குப் பின் இம்மூன்றாவது வழியில் போனவர்கள் அநேகர். டாக்டர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் என்னும் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உதவியது. மூன்று வழியினரும் எடுத்த தீர்மானத்தின் நோக்கம் ஒன்றே, பிள்ளைகளைக் காப்பது. பலன்களோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோட்டத்திலேயே இருந்தவர்களுக்கு, வறுமை தீராவிடினும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது. கடல் கடந்தவர்களில் சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியவர்களும் உண்டு. வன்னிக்குப் போனவர்களுக்கு 2009இல் முள்ளிவாய்க்காலில் யுத்தத்தின் இறுதிப் பேரழிவு காத்திருந்தது.

பலனை முன்கூட்டி அறியாது எடுத்த தீர்மானத்தைப் பலனைக் கொண்டு தீர்ப்பிடலாமா? ஆங்கிலத் தத்துவாசிரியர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976இல் இக்கேள்வியை எழுப்பி, தன்பால் பிழையில்லாதபோதும் தன் செயலால் விளைந்த கேட்டுக்காக ஒருவர் வருந்துவது அறிவீனமன்று என்றார். பிழையே இல்லாமல் வண்டியோட்டி ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகிவிட்ட ஒருவர், வேடிக்கை பார்த்தவனைப் போலவே வருந்துவாராயின், அவரைப் பற்றி நாமே ஐயுறுவோம் என்பது அவர் காட்டிய உதாரணம். வன்னிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன தகப்பனின் துயரத்தை இந்த விளக்கம் ஓரளவு தொடுகிறது. பலன் நன்றாக அமைந்தவர்களின் குற்ற உணர்வை அது விளக்குவதில்லை என்பது அதன் குறை. கனடாவில் வீடு வாங்கியவருக்கும் அல்லவா தூக்கம் வருவதில்லை!

வைத்தியரின் பார்வை

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், இவ்விசாரணை வைத்தியசாலைக்குள் நுழைந்தது. ஜெர்மனியிலிருந்து தாமே அகதியாக வெளியேறிய வில்லியம் நீதர்லாண்டு என்னும் மனோவைத்தியர், நாத்சி முகாம்களில் தப்பியவர்களை ஆராய்ந்து, பிழைத்ததற்காகவே பிழைத்தவர் தம்மைத் தண்டித்துக்கொள்ளும் நிலையை ஒரு நோய்க்கூறாக வருணித்தார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு, பிழைத்ததற்கான குற்ற உணர்வை நெருக்கீட்டுக்குப் பிந்திய நோயின் அடையாளங்களுள் சேர்த்தது. 1987இல் வந்த திருத்தம் அதை அடிப்படை அடையாளங்களிலிருந்து நீக்கியது. நோயா, மனித இயல்பா என்பதில் வைத்தியர்களுக்கே ஏற்பட்ட தயக்கத்தை இம்மாற்றம் காட்டுகிறதென்று கருதலாம். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், எம்மவர் சமூகத்தில் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று வற்புறுத்தி வந்திருப்பது, மேலைநாட்டு அளவுகோல்களுக்கு வேண்டிய திருத்தமாகும்.

வைத்தியம் செய்த உபகாரம் பெரிது. உறக்கமின்றித் தவிப்பவரைக் கோழையென்றும் துரோகியென்றும் ஏசும் வழக்கத்தை அது ஓரளவு நிறுத்தியது. ஆனால் குற்ற உணர்வைக் குணப்படுத்தவேண்டிய ஒன்றாக மட்டும் பார்க்கும்போது, அது ஒரு கடனின் நினைவூட்டலாகவும் இருக்கலாம் என்பது மறைந்துவிடுகிறது. மாதந்தோறும் தோட்டத்துத் தங்கைக்குப் பணம் அனுப்பும் ஒருவரைக் குற்ற உணர்விலிருந்து முற்றாக விடுவித்துவிட்டால், தங்கையின் கதி என்னவாகும் என்பதையும் எண்ணவேண்டும்.

ஜெர்மன் ஞானி கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் எழுதிய நூலில், சட்டத்தின் குற்றம், அரசியற் குற்றம், ஒழுக்கக் குற்றம் என்பவற்றோடு, பிறர் கொல்லப்படும்போது தான் உயிரோடிருத்தலே உறுத்தும் நான்காவது குற்றம் ஒன்றையும் வகுத்தார். யூத குலத்தவரான மனைவியோடு யுத்தம் முடியும்வரை ஜெர்மனியிலேயே இருந்தவர் அவர். நீங்கியவருக்கு மட்டுமே இவ்வுறுத்தல் உரியது என்ற எண்ணம் இதனால் தளர்கிறது. அதே காலத்தில், நாட்டிலேயே தங்கிய ஜெர்மன் எழுத்தாளர் சிலர், வெளிநாட்டிலிருந்த தோமஸ் மானை நோக்கி, நீர் தூரத்து ஆசனத்தில் அமர்ந்து எங்கள் அவலத்தைப் பார்த்தவர் என்று சாடினார்கள். 2009க்குப் பின் தாயகத்தாரும் புலம்பெயர்ந்தோரும் ஒருவர்மேல் ஒருவர் வீசிய சொற்களை நினைவுள்ளவர்களுக்கு அச்சண்டை அந்நியமாகத் தோன்றாது.

தீராமல் நிற்பவை

இதுவரை பார்த்த விடைகளில் எதுவும் முழுவதும் பிழையென்று சொல்வதற்கில்லை. நாட்டை நீங்கியதையே அபராதமாகக் கொள்ளும் பட்சம், நாட்டால் கைவிடப்பட்டவர்கள் விஷயத்தில் பெரிதும் வலுவிழக்கிறது. நீங்குவது தர்மம் என்னும் பட்சம், செயலை நியாயப்படுத்துகிறது, மனத்தை ஆற்றுவதில்லை. குற்ற உணர்வின் முகவரியை நாட்டிலிருந்து எடுத்து, விட்டு வந்த மனிதர்களின் பெயருக்கு மாற்றினால், பல முடிச்சுகள் தளரக்கூடும் என்றே தோன்றுகிறது. மனிதருக்குப் பட்ட கடனைக் கடிதத்தாலும் பணத்தாலும் சாவுக்கு வந்து நிற்பதாலும் ஓரளவேனும் அடைக்கலாம். நாடு என்னும் கடன்காரருக்கு எவ்வளவு கொடுத்தாலும் ரசீது வராது.

எனினும் சில வினாக்கள் அப்படியே நிற்கின்றன. இக்கடன் பிள்ளைகளுக்கும் சேர்ந்ததா? முகாமில் பிறந்து, கண்டியைக் காணாமல் நாற்பது வயதை எட்டியவருக்கு எதன்பொருட்டு உறுத்தவேண்டும்? திரும்பிச் செல்வது கடனை அடைப்பதாகுமா? வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிர் தப்பிய காந்தீயத்து டேவிட், அதே சிறையில் சகா இராசசுந்தரத்தைப் பறிகொடுத்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வாழ்ந்து, முதுமையில் 2015இல் திரும்பி, அவ்வாண்டே கிளிநொச்சியில் காலமானார். அதைக் கடன் தீர்த்ததாகக் கொள்வதா, வெறும் வீடு திரும்பலாகக் கொள்வதா என்று பிறர் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி நீங்கியவர்களின் குரல். மேடையில் நின்று கையசைத்தவர்கள் மன்னித்தார்களா, மன்னிக்க ஏதேனும் இருந்ததாகவேனும் நினைத்தார்களா என்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலர்.

பசிக்காக நீங்குபவனைச் சட்டம் அகதியென்று ஏற்குமா என்பதும் முடிவாகாத விஷயம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை பசியைக் காரணமாகக் குறிப்பிடவில்லை. அந்த உடன்படிக்கையில் இந்தியா, இலங்கை இரண்டுமே கையொப்பமிடவில்லை. 2022 மார்ச் மாதத்தில், அரிசியும் பால்மாவும் எரிபொருளும் வாங்க முடியாத நிலையில் இலங்கையிலிருந்து படகேறிய சில தமிழ்க் குடும்பங்கள், தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டன. இந்தியக் கடலோரக் காவல் படையினர் அவர்களை மீட்டுக் கரை சேர்த்தார்கள். அவர்கள் கொண்டுபோய்த் தங்க வைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம்.